மழை, காற்று, பனி, வெயில்: எந்தப் பாட்டு, யார் குரல்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேர், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில் தங்கி விடிய விடியப் பாடப் போகிறார்கள். தலைப்பு மழை, காற்று, பனி, வெயில். “எங்க தேடினாலும் அதே பத்துப் பாட்டுதான் வருது. பாடினவங்க பேரும் ஒரு இடத்துல ஒண்ணு, இன்னொரு இடத்துல வேற. எது சரி? எல்லாரும் மறந்துபோன நல்ல பாட்டு ஏதாவது உண்டா? ‘வாராய் நீ வாராய்’ இந்தக் கணக்குல சேருமா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, அஸ்தம்பட்டியில் 1984-லிருந்து பதினெட்டு வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். ஏற்காடு போகிற ரோடு அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால் கீழே இருக்கிற ஆளும் வருவார், மேலே எஸ்டேட்டிலிருந்து இறங்குகிற ஆளும் வருவார். துண்டுச் சீட்டில் பாட்டெழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நாலு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. சட்டப்படி அது சரியா என்று இப்போது கேட்காதீர்கள், அன்று ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. சீட்டில் படத்தின் பெயர் இருக்காது, பாடியவர் பெயர் இருக்காது, பாட்டின் முதல் இரண்டு வார்த்தை மட்டும் இருக்கும். மழைப் பாட்டில் அந்த இரண்டு வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும்.

சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், தொண்ணூறுகளின் நடுவில், “தென்றல் வந்து” என்று எழுதிக் கொடுத்தார். நானும் ‘தென்றலே என்னைத் தொடு’ (1985) படத்தின் ‘தென்றல் வந்து என்னைத் தொடும்’ பாட்டைப் போட்டுக் கொடுத்தேன், யேசுதாசும் ஜானகியும் பாடியது. மறுநாள் காலையில் ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நிற்கிறார். “இதில்லீங்கண்ணா. கண்ணு தெரியாத பொண்ணு கேக்குமே, அந்தப் பாட்டு.” அவர் கேட்டது ‘அவதாரம்’ (1995) படத்தில் வரும் ‘தென்றல் வந்து தீண்டும்போது’. நாசர் இயக்கிய முதல் படம், வாலி எழுதிய பாட்டு, இளையராஜாவும் ஜானகியும் பாடினார்கள். படத்தில் பார்வையில்லாத பெண்ணாக ரேவதி வருவார். காற்று வந்து தொடுகிறது, அதற்கு என்ன நிறம் என்கிற மாதிரி ஒரு பாட்டு. தமிழ் சினிமாவில் காற்றைப் பற்றி இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அவருக்கு அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்றையிலிருந்து சீட்டு வாங்கும்போதே “ரெண்டு வரி பாடிக் காட்டுங்க” என்று கேட்க ஆரம்பித்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோரும் பாடினார்கள்.

இன்னொரு கண்ணிவெடி ‘மேகம் கருக்குது’. இந்தப் பெயரிலும் இதை ஒட்டியும் மூன்று பாட்டு இருக்கிறது. ‘ஆனந்த ராகம்’ (1982) படத்தில் ‘மேகம் கருக்குது’ யேசுதாசும் ஜானகியும் பாடியது. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் ‘மேகம் கருக்கையிலே’ இளையராஜாவும் உமா ரமணனும் பாடியது. இந்த இரண்டுக்கும் இசை இளையராஜா. ‘குஷி’ (2000) படத்து ‘மேகம் கருக்குது’ தேவா இசையில் ஹரிணி பாடியது. உங்களில் முப்பது வயசுக்குக் கீழே இருப்பவர்கள் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதலாவதைப் பாடுங்கள், அதில்தான் வார்த்தைக்கு முன்னால் மழை வருகிறது.

பாடினவர் யார் என்ற குழப்பத்துக்கு வருவோம். எண்பதுகளின் பாட்டில் வானிலை என்று ஒன்று வந்து, பெண் குரலும் இருந்து, உங்களுக்கு யாரென்று தெரியவில்லை என்றால், எஸ். ஜானகி என்று சொல்லிவிடுங்கள், பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நீங்களே எண்ணிப் பாருங்கள். ‘அந்தி மழை பொழிகிறது’ (ராஜபார்வை, 1981) எஸ்.பி.பி.யுடன் ஜானகி. ‘ஓஹோ மேகம் வந்ததோ’ (மௌன ராகம், 1986) ஜானகி. அதே படத்து ‘பனி விழும் இரவு’ எஸ்.பி.பி.யும் ஜானகியும். ‘பூங்காற்று திரும்புமா’ (முதல் மரியாதை, 1985) மலேசியா வாசுதேவனும் ஜானகியும். ‘ஊரு சனம் தூங்கிருச்சு, ஊதக்காத்தும் அடிச்சிருச்சு’ (மெல்லத் திறந்தது கதவு, 1986) ஜானகி தனியாக. மேலே சொன்ன இரண்டு தென்றலும் (அதில் ஒன்று தொண்ணூறுகளில் வந்தது, இருக்கட்டும்) ஒரு மேகமும் சேர்த்தால் எட்டு ஆகிறது. மழை, மேகம், பனி, தென்றல், ஊதக்காற்று எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. அந்த அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, குண்டூர்ப் பக்கம் பிறந்தவர். மழை வரும்போது தமிழ்ப் பெண் ஒருத்தி வாசலுக்கு ஓடுவதை நமக்குக் காதில் காட்டியவர் அவர்.

‘ஓஹோ மேகம் வந்ததோ’வைச் சித்ரா பாடியது என்று எழுதி வைத்திருக்கிற பட்டியலை நானே பார்த்திருக்கிறேன், தவறு. சித்ராவின் மழை வேறு. ‘வான்மேகம் பூப்பூவாய்த் தூவும்’ (புன்னகை மன்னன், 1986), பிறகு யேசுதாசுடன் ‘மழை வருது மழை வருது குடை கொண்டு வா’ (ராஜா கைய வெச்சா, 1990). ஜானகியின் மழையில் ஆள் நனைந்து கூத்தடிப்பது கேட்கும். சித்ராவின் மழை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெய்வது மாதிரி இருக்கும். இது என் காதுக்குத் தோன்றுவது, சண்டைக்கு வராதீர்கள்.

எழுதியவர்களில் வைரமுத்துவை வானிலை ஆய்வு மையம் என்றே சொல்லலாம். முதல் பாட்டே ‘பொன்மாலைப் பொழுது’ (நிழல்கள், 1980), சாயங்கால வானத்தைப் பற்றியது, எஸ்.பி.பி. பாடியது. அடுத்த வருஷம் ‘அந்தி மழை’. அதற்கடுத்த வருஷம் ‘பனிவிழும் மலர்வனம்’ (நினைவெல்லாம் நித்யா, 1982), அதுவும் எஸ்.பி.பி. பிறகு ‘பூங்காற்று’, ‘வான்மேகம்’. எல்லாம் இளையராஜா இசை. அந்தக் கூட்டணி பிரிந்த பிறகும் மனிதர் வானத்தை விடவில்லை. ரகுமானோடு ‘புது வெள்ளை மழை’ (ரோஜா, 1992) வந்தது, உன்னி மேனனும் சுஜாதாவும் பாடியது. ‘சின்னச் சின்ன மழைத்துளிகள்’ (என் சுவாசக் காற்றே, 1999) எம்.ஜி. ஸ்ரீகுமார் பாடியது. இதையும் வேறு யார் யார் பெயரிலோ போடுகிறார்கள், மலையாளத்தில் பெரும் பெயர் பெற்ற ஸ்ரீகுமார்தான் பாடினார். ‘ரிதம்’ (2000) படத்தில் ஐம்பூதத்துக்கும் ஆளுக்கு ஒரு பாட்டு. அதில் காற்றுக்கு ‘காற்றே என் வாசல் வந்தாய்’, உன்னிகிருஷ்ணனும் கவிதா கிருஷ்ணமூர்த்தியும் பாடியது. தண்ணீருக்கு ‘நதியே நதியே’, உன்னி மேனன். உன்னிகிருஷ்ணனையும் உன்னி மேனனையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் உங்கள் கச்சேரி பாதி வெற்றி.

ராகம் தெரிந்தவர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் ஒரு வேடிக்கை சொல்லுங்கள். மழையை வரவழைக்கிற ராகம் என்று பெயர் வாங்கியது அமிர்தவர்ஷிணி. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துப் பக்கம் வறண்டு கிடந்த காட்டைப் பார்த்து ‘ஆனந்தாமிர்தாகர்ஷிணி’ பாட, மழை கொட்டியது என்பது கர்ண பரம்பரைக் கதை. அந்த ராகத்தில் இளையராஜா போட்ட புகழ்பெற்ற பாட்டு ‘தூங்காத விழிகள் ரெண்டு’ (அக்னி நட்சத்திரம், 1988), யேசுதாசும் ஜானகியும். படத்தின் பெயர் உச்சி வெயில், ராகம் மழை ராகம், பாட்டு தூக்கம் வராததைப் பற்றியது. ‘அந்தி மழை பொழிகிறது’ என்று மழையைப் பெயரிலேயே வைத்திருக்கிற பாட்டோ வசந்தா ராகத்தில் இருக்கிறது. ஆக ராகத்தை வைத்து மழைப் பாட்டைத் தேடினால் தலை நனையாது.

பனிக்கு வருவோம், ஏற்காட்டில் பாடப் போகிறீர்களே. தமிழில் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனிதான், எதிரே வரும் ஆளை மறைப்பதும் பனிதான், காஷ்மீரில் கொட்டுவதும் பனிதான். ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வானிலையைச் சமாளிக்கிறோம். ‘புது வெள்ளை மழை’ என்று வைரமுத்து எழுதியதன் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. கொட்டுகிற பனிக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை, மழைக்கு வெள்ளையடித்து விட்டார். ‘பனிவிழும் மலர்வனம்’ அந்தப் பனி கிடையாது, அது நம்ம ஊர் மார்கழிப் பனி. சலநாட்டை ராகம், தொடக்கத்திலேயே கிடார் வாசிப்பவரின் யோக்கியதை தெரிந்துவிடும், சரியான ஆள் இல்லையென்றால் தொடவேண்டாம். ‘மூடுபனி’ (1980) என்று படமே இருக்கிறதே என்பீர்கள். இளையராஜாவின் நூறாவது படம், அதில் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ கிடார் பிடித்த எல்லோரும் முயற்சி செய்கிற பாட்டு. ஆனால் பனி பெயர்ப் பலகையோடு சரி, பாட்டில் நிலாதான்.

மலையில் நாம் பனி என்பது பல நேரம் தரைக்கு இறங்கிய மேகம்தான். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். கீழே சட்டை நனைய வேர்க்கும்போது மேலே ஸ்வெட்டர் தேடுவோம். அந்த ஈரம் கேசட்டை என்ன செய்தது தெரியுமா? எஸ்டேட் வீடுகளிலிருந்து வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் ஒரு மூட்டை கேசட் என் கடைக்கு இறங்கும். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடா உருளையின் ஓரத்தில் மாவு தூவினது மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். பூஞ்சை. அதை அப்படியே டேப்பில் போட்டால் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டும் கம்பளிக்குள்ளே பாடுகிற மாதிரி கேட்கும். ஐந்து குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி, மேல் ஓட்டை எடுத்து, நாடா துள்ளிவிடாமல் ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சில் நாடாவை முழுக்க ஓட விட்டுத் துடைப்பேன். ஒரு கேசட்டுக்கு முக்கால் மணி நேரம். அப்படித் துடைத்த கேசட் ஒன்றின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் ‘பனி பாட்டு’ என்று எழுதியிருந்தது. பனியே வந்து சாப்பிட்டிருக்கிறது.

கீழே சேலத்தில் கதை வேறு. பஸ் டிரைவர்கள் கண்ணாடி ஓரமாகக் கேசட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சித்திரை வெயிலில் ஓடு வளைந்து நாடா இழுத்துக்கொள்ளும், எஸ்.பி.பி. கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார்.

வெயிலென்றதும் சொல்லவேண்டியது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் நாம் வெயிலில் கிடக்கிறோம், வெயிலைப் பாடின பாட்டு எத்தனை? தேடித் தேடிப் பார்த்தால் முழுசாக ஒன்று நிற்கிறது, ‘வெயிலோடு விளையாடி’ (வெயில், 2006). ஜி.வி. பிரகாஷ் குமார் இசையமைத்த முதல் படம், நா. முத்துக்குமார் எழுதியது, கைலாஷ் கேர், ஜாஸி கிஃப்ட், திப்பு, பிரசன்னா நாலு பேரும் பாடினார்கள். வெயிலைத் திட்டாமல் அதைச் சேக்காளியாக்கிக்கொண்ட பாட்டு. அப்போது என் கடையை மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது, பக்கத்து டீக்கடையில் நின்று கேட்டேன், டீ ஆறிவிட்டது. அதே முத்துக்குமார் நாலு வருஷம் கழித்து ‘அடடா மழைடா’வும் (பையா, 2010) எழுதினார், யுவன் சங்கர் ராஜா இசையில் ராகுல் நம்பியாரும் சைந்தவியும் பாடியது. 2016-ல் போய்விட்டார் மனிதர். உங்கள் பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், இரண்டும் ஒரே பேனா என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கோடையென்றால் இன்னொன்று உண்டு, எல்லோரும் மறந்தது எது என்று கேட்டீர்களே, இது. ‘கோடைகாலக் காற்றே’ (பன்னீர் புஷ்பங்கள், 1981), மலேசியா வாசுதேவன் பாடியது. இதை எஸ்.பி.பி. என்று சத்தியம் செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும், நம்பாதீர்கள். ஊட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதை. மலையில் கோடை என்பது கீழே இருக்கிறவனுக்கு வாய்க்காத சொர்க்கம், அந்தக் குளிர்ச்சி வாசுதேவன் குரலில் இருக்கிறது. ஏற்காட்டில் பாட இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது.

காற்றுக்கு நம்மிடம் நாலு திசைக்கு நாலு பெயர் இருக்கிறது. தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. சினிமாக்காரர்கள் தென்றலைத் தேய்த்துத் தேய்த்தே ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள். வாடைக்கு ‘வாட வாட்டுது’ (சக்களத்தி, 1979), இளையராஜா தன் சொந்தக் குரலில். கொண்டலுக்கு யாரும் பாட்டுப் போட்டு நான் கேட்டதில்லை. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்குமே, அம்மியைத் தூக்குகிற காற்று, அதற்கும் இல்லை. பழைய காலத்துக்குப் போனால் ‘காற்றினிலே வரும் கீதம்’ (மீரா, 1945) எம்.எஸ். சுப்புலட்சுமி, எழுதியது கல்கி, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’ (கப்பலோட்டிய தமிழன், 1961) பாரதியார் பாட்டு, பி.பி. ஸ்ரீனிவாசும் சுசீலாவும். ‘காற்று வாங்கப் போனேன்’ (கலங்கரை விளக்கம், 1965) வாலி எழுதி டி.எம்.எஸ். பாடியது. மூன்றிலும் காற்று சும்மா வந்து நிற்கிறது, வேலை எல்லாம் வேறு யாருக்கோ.

கடையில் உட்கார்ந்து நான் கண்டுகொண்ட ஒன்று. மழைப் பாட்டு கேட்டு வந்தவர்கள் எல்லாம் கீழே இருந்தவர்கள். அம்மாபேட்டைத் தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்குப்பிள்ளைகள், காலேஜ் பையன்கள். மலையிலிருந்து ஒரு ஜீப் டிரைவர் மாதம் ஒரு கேசட் போடுவார். ஒரு தடவை சீட்டில் இடம் மிச்சம் இருக்க, “மழைப் பாட்டு ரெண்டு சேத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். “வேணாங்க. மேல ஏறினா நெசமாவே பெய்யுது, வைப்பர் வேலை செய்யல. பாட்டுலயும் எதுக்கு?” என்றார். எஸ்டேட்டுக்காரர்களுக்கு மழை என்றால் கணக்கு. மாசி, பங்குனி வாக்கில் ஒரு மழை விழுந்தால்தான் காப்பி பூக்கும், பூத்த பிறகு இன்னொரு மழை விழுந்தால்தான் பிஞ்சு நிற்கும். முதல் மழையை அவர்கள் ப்ளாசம் ஷவர் என்பார்கள். அது தப்பிப் போன வருஷம் யாரும் பாட்டு கேட்டு வரமாட்டார்கள்.

சேலத்தில் அதிகமாக ஒலித்த மழைப் பாட்டு எது என்று என்னைக் கேட்டால், சினிமாப் பாட்டே இல்லை என்பேன். மாரி என்றால் மழை. மாரியம்மன் மழைக்காரி. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி ஊரில் இருக்கிற அத்தனை மாரியம்மன் கோயிலிலும் குழாய் கட்டிவிடுவார்கள். குகை என்கிற பேட்டையில் வண்டி வேடிக்கை, அதாவது அலங்கார வண்டி ஊர்வலம், முடிகிற வரைக்கும் காதில் எல்.ஆர். ஈஸ்வரிதான். ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’, ‘கற்பூர நாயகியே கனகவல்லி’. வானம் பார்த்த மானாவாரிக் காட்டுக்காரன் மழையைக் கூப்பிட்ட குரல் அது. உங்கள் தலைப்பில் இதைச் சேர்த்தால் யாராவது சிரிப்பார்கள், விளக்கிச் சொல்லுங்கள்.

மார்கழியில் இன்னொரு மழைப் பாட்டு ஒலிக்கும், ஆண்டாளின் ‘ஆழிமழைக் கண்ணா’. திருப்பாவையில் நாலாவது. மேகம் கடலுக்குள் போய் மொண்டு, ஏறி, திருமால் மேனி போலக் கறுத்து, சக்கரம் போல மின்னி, சங்கு போல அதிர்ந்து, வில்லிலிருந்து பாய்கிற அம்பு போலப் பெய்ய வேண்டும் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் மழை எப்படி உண்டாகிறது என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததை அந்தப் பெண் எட்டு வரியில் முடித்துவிட்டாள். எம்.எல். வசந்தகுமாரி பாடிய இசைத்தட்டைக் கேளுங்கள், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டு, வராளி ராகம். உங்கள் பன்னிரண்டு பேரில் பாட்டு கற்ற ஒருவர் இருந்தால் இதோடு ஆரம்பிக்கலாம்.

நாட்டுப்புறத்தை விட்டுவிடாதீர்கள். என் பாட்டி ஊர் ஓமலூர்ப் பக்கம். மழை தப்பின ஒரு வருஷம் பெண்டுகள் வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒரே பானையில் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மழைச்சோறு என்பார்கள். ஊரை விட்டுப் போகிறோம், இனி இங்கே இருக்க முடியாது என்று அழுவார்கள், அதைப் பார்த்து வானம் இரங்கவேண்டும். எனக்கு அப்போது ஏழு வயசிருக்கும். நிஜமாகவே ஊரை விட்டுப் போகிறார்கள் என்று நினைத்துப் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அந்தச் சோற்றில் கம்பு, ராகி, நெல்லு எல்லாம் கலந்து நாலு வீட்டுக் குழம்பு வாசனை. அந்தப் பாட்டை யாரும் கேசட்டில் போட்டு என்னிடம் கொடுக்கவில்லை, எனக்கும் இரண்டு வரிக்கு மேல் நினைவில்லை.

பிள்ளைகள் பாட்டு நினைவிருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். “மழை வருது மழை வருது நெல்லை வாருங்க, முக்காப்படி அரிசி போட்டு முறுக்கு சுடுங்க, ஏரோட்டுற மாமனுக்கு எண்ணி வையுங்க, சும்மா இருக்குற மாமனுக்குச் சூடு வையுங்க.” இதைப் பாடிவிட்டு மூச்சு விடாமல் 1990-ன் ‘மழை வருது மழை வருது’வுக்குத் தாவினால் கூட்டம் கைதட்டும். அதே சூட்டில் டி.எம்.எஸ். பாடிய ‘மணப்பாறை மாடு கட்டி’ (மக்களைப் பெற்ற மகராசி, 1957) போகலாம், மருதகாசி எழுதியது, கே.வி. மகாதேவன் இசை. மழைப் பாட்டு இல்லைதான். ஆனால் அதில் விதைக்கச் சொல்கிற நெல் ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பா, நம்ம ஜில்லா நெல். அந்த வரி வரும்போது ஆத்தூர்க்காரர் யாராவது இருந்தால் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

வாத்தியம் கொண்டுபோகிறீர்களா? ராத்திரி ஏரிப் பக்கம் ஈரக் காற்று பட்டால் தபேலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், சுத்தியலைக் கையிலேயே வைத்திருங்கள். புல்லாங்குழலும் குளிரில் கொஞ்சம் கீழே பேசும், ஊதி ஊதிச் சூடாக்கிவிட்டு வாசியுங்கள். கீபோர்டும் புல்லாங்குழலும் சேர்ந்து போகிற பாட்டை முதலில் வைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் ‘வாராய் நீ வாராய்’. ‘மந்திரி குமாரி’ (1950), நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் படம், டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த ஸ்டூடியோ, அதன் நுழைவாயில் வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது, நீங்கள் போகும்போது பார்ப்பீர்கள். இசை ஜி. ராமநாதன், பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். சேலத்துக்காரனுக்கு அந்த மலையுச்சி ஏற்காடுதான், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். கணக்கில் சேருமா என்றால் தாராளமாகச் சேரும். மாருதம் வீசுகிறது, மனசு பொங்குகிறது என்று அந்தப் பெண் பாடுவாள். மாருதம் என்றால் காற்று. அந்த ஸ்டூடியோ நடத்தின பத்திரிகைக்கே சண்டமாருதம் என்றுதான் பெயர், கண்ணதாசன் அதில் ஆசிரியராக இருந்தார். ஆனால் பாட்டில் காற்று வாங்கக் கூட்டிப்போகிறவன் அவளைத் தள்ளிவிடத்தான் கூட்டிப்போகிறான், விளிம்பில் நின்று சாமர்த்தியமாக அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். வானிலையை இவ்வளவு வஞ்சகமாக உபயோகித்த பாட்டு வேறொன்று இல்லை.

இதை ராத்திரி கடைசிப் பாட்டாக வைக்கவேண்டாம் தம்பி. இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வண்டியில் யாராவது முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள்.